வேருக்குள் எத்தனை சதவிகிதம்?

பிரஷ்ய அரசாங்கத்துக்கு ஒரு காலத்தில் ட்ரஃபிள் மேல் ஆசை வந்தது. ட்ரஃபிள் என்பது மண்ணுக்குள்ளேயே விளையும் ஒருவகைக் காளான். பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். விலையைக் கேட்டால் நகைக்கடை ஞாபகம் வரும். பிரான்சிலும் இத்தாலியிலும் பன்றியையோ நாயையோ கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், அது மோப்பம் பிடித்த இடத்தில் தோண்டி எடுப்பார்கள். இதைப் பயிராகவே வளர்த்து விற்றால் என்ன என்று பிரஷ்யாவின் விவசாய அமைச்சகம் யோசித்தது. பெர்லினில் வேளாண் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க் என்பவரிடம் வேலையை ஒப்படைத்தது.

ஃப்ராங்க் ட்ரஃபிளை வளர்க்கவில்லை. அந்த வகையில் அரசாங்கத்துக்குப் போட்ட காசு நஷ்டம். ஆனால் ட்ரஃபிள் விளைகிற மரங்களின் வேர்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்தவருக்கு வேறொன்று கண்ணில் பட்டது. வேரின் நுனிகளை எல்லாம் பூஞ்சை ஒரு உறை மாதிரி போர்த்தியிருந்தது. நோய் என்றால் மரம் வாடியிருக்க வேண்டும். மரங்களோ நன்றாக இருந்தன. ஒரு மரம் இரண்டு மரம் இல்லை, தோண்டிய இடமெல்லாம் இதே கதை.

1885-ல் அவர் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பூஞ்சைக்கு ஒரு சொல், வேருக்கு ஒரு சொல், இரண்டையும் ஒட்டினால் மைக்கோரைசா. 'பூஞ்சைவேர்' என்று நேராகவே தமிழில் சொல்லிவிடலாம். மரம் மண்ணிலிருந்து தானாக உறிஞ்சிக் குடிக்கவில்லை, இந்தப் பூஞ்சைதான் செவிலித்தாய் மாதிரி ஊட்டுகிறது, பதிலுக்கு மரம் அதற்குச் சாப்பாடு போடுகிறது என்றார் ஃப்ராங்க். அந்தக் காலத்தில் பூஞ்சை என்றாலே ஒட்டுண்ணி, திருட்டுப்பயல். அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு உதவி செய்கிறது என்றால் யார் நம்புவார்கள்? ஜெர்மனியின் பெரிய வனவியல் புள்ளியான ராபர்ட் ஹார்ட்டிக் உட்படப் பலர் எதிர்த்தார்கள். (நியாயமாகச் சொன்னால், போலந்துக்காரரான ஃப்ரான்சிஷெக் கமியென்ஸ்கி சில வருடங்களுக்கு முன்பே, பச்சையமே இல்லாத ஒரு செடியின் வேரைப் பார்த்துவிட்டு இதைப் போன்ற கருத்தைச் சொல்லியிருந்தார். பெயர் வைத்தவருக்குத்தான் பேர் கிடைத்தது.)

ஃப்ராங்க் பார்த்த பூஞ்சை வேருக்கு வெளியே உறை போடுகிற ரகம். கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இந்தக் கதைக்கு முக்கியமானது இன்னொரு ரகம். அது வேருக்குள் புகுந்து, செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வேர் சாதாரணமாகத்தான் இருக்கும். நிலத்தில் வாழும் தாவர இனங்களில் பத்தில் ஏழு பங்குக்கு இந்த உள்ளே குடியிருக்கும் பூஞ்சையோடுதான் உறவு. நெல், சோளம், கோதுமை, வெங்காயம், தக்காளி, பருத்தி என்று சாப்பிடுவதிலும் உடுத்துவதிலும் பெரும்பகுதி இந்தக் கணக்கில் வந்துவிடும்.

இதைப் பார்ப்பதற்கு அன்றைக்கு இருந்த வழி ஒன்றுதான். சவரக்கத்தியால் வேரை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பார்த்ததைக் கையால் படம் வரைய வேண்டும். ஜாவா தீவில் பொய்ட்டன்ஸோர்க் தோட்டத்தில் (இன்றைய போகோர்) யான்சே என்ற டச்சுக்காரர் வெப்பமண்டலச் செடிகளின் வேர்களை வரிசையாகச் சீவிப் பார்த்து 1897-ல் எழுதினார். பூஞ்சை இழைகளின் இடையே பை மாதிரி உப்பியிருந்தவற்றை வெசிக்கிள் என்றார். 1905-ல் கல்லோ என்ற பிரெஞ்சுக்காரர், செல்லுக்குள் போன இழை கிளை கிளையாகப் பிரிந்து குட்டி மரம் மாதிரி நிற்பதை அற்புதமாக வரைந்து, அதற்குக் 'குட்டி மரம்' என்றே பொருள்படும்படி ஆர்பஸ்க்யூல் என்று பெயரிட்டார். கொடுக்கல் வாங்கல் நடக்கிற கடைவீதி அந்தக் குட்டி மரம்தான். இந்தப் பக்கம் பாஸ்பரஸ், அந்தப் பக்கம் சர்க்கரையும் கொழுப்பும். அந்தக் கடை சில நாட்களுக்கு மேல் திறந்திருக்காது. கட்டியதைச் செடியே கலைத்துவிடும், பிறகு இன்னொரு செல்லில் புதிதாக முளைக்கும்.

பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இது எந்தப் பூஞ்சை என்பது பல வருடம் உறுதியாகவில்லை. காரணம், இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் தனியாக வளராது. ரொட்டியில் பூஞ்சை பிடிக்கிற மாதிரி ஒரு தட்டில் வைத்து வளர்க்க முடிந்தால் அடையாளம் காண்பது சுலபம். இது அடம்பிடித்தது. 1953-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரா மோஸ், ஸ்ட்ராபெரி வேர்களோடு ஒட்டியிருந்த சிறு உருண்டைகளைக் கவனித்தார். அவை பூஞ்சையின் வித்துகளைச் சுமக்கும் உருண்டைகள். அதைச் சுத்தமான செடியின் வேரில் போட்டுப் பார்த்தார். வேருக்குள் வெசிக்கிளும் ஆர்பஸ்க்யூலும் வந்தன. குற்றவாளி (அல்லது உபகாரி) கையும் களவுமாகப் பிடிபட்டது. பின்னால் 1968-ல் அந்தப் பூஞ்சை இனத்துக்கு மோஸின் பெயரையே வைத்தார்கள்.

இந்த உறவு எவ்வளவு பழசு என்று கேட்டால் தலை சுற்றும். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற கிராமத்தில், ஏறத்தாழ 40 கோடி வருடத்துக்கு முந்தைய செடிகள் வெந்நீர் ஊற்றின் சிலிக்காவில் ஊறிக் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தக் கல்லைச் சீவிப் பார்த்தபோது செடியின் செல்லுக்குள் ஆர்பஸ்க்யூல் இருந்தது. 1994-ல் வெளியான செய்தி இது. அந்தச் செடிக்கு உண்மையான வேர்கூடக் கிடையாது. அதாவது வேர் வருவதற்கு முன்பே வேர்ப்பூஞ்சை வந்துவிட்டது!

சரி, பார்த்தாகிவிட்டது. இனி எண்ண வேண்டும். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏன் எண்ண வேண்டும்? பாஸ்பரஸ் மண்ணில் நகராத சத்து. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பது தானாக வந்து சேராது. வேரைவிட மெல்லிசான பூஞ்சை இழை, அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய் எடுத்து வரும். இதற்குக் கூலியாகச் செடி, தான் ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்ததில் 4 முதல் 20 சதவிகிதம் வரை பூஞ்சைக்குக் கொடுப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இருபது சதவிகிதம் என்பது சில ஊர்களின் வருமானவரியைவிட அதிகம். இந்தியா போன்ற நாடு பாஸ்பேட் பாறையையும் டிஏபியையும் பெருமளவு வெளிநாட்டில் வாங்கித்தான் விவசாயம் செய்கிறது. உர மூட்டையில் ஒரு பங்கையாவது பூஞ்சை மிச்சம் பிடிக்குமா என்பது சின்னக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்த ரகப் பயிரின் வேரில் பூஞ்சை எவ்வளவு, அந்த ரகத்தில் எவ்வளவு, உரம் போட்டால் குறைகிறதா, உழுதால் குறைகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒப்பிட எண் வேண்டும்.

முதல் தடை, வேருக்குள் இருப்பது நிறமில்லாத இழை. ஆயிரக்கணக்கான வேர்த்துண்டுகளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. 1970-ல் ஃபிலிப்ஸ், ஹேமன் என்ற இருவர் பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கத்தின் இதழில் ஒரு சமையல் குறிப்பு வெளியிட்டார்கள். சமையல் குறிப்பு என்பது கிண்டல் இல்லை, படித்தால் அப்படித்தான் இருக்கும். வேரைக் காரமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 90 டிகிரியில் வேகவை. உள்ளே இருக்கிற சாறு எல்லாம் போய் வேர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கழுவி, அமிலத்தில் நனைத்து, ட்ரிப்பான் ப்ளூ சாயத்தில் போடு. பூஞ்சையின் சுவர் மட்டும் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். வேரைச் சீவாமலேயே, முழுசாக, உள்ளே ஓடுகிற நீல இழைகளைப் பார்க்கலாம். இந்தத் துறையில் இவ்வளவு முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் சிலதான் இருக்கும். எந்தத் தத்துவமும் இல்லாத, வெறும் செய்முறைக் கட்டுரை!

ஆனால் அதில் ஃபீனால் சேரும், சாயமும் உடம்புக்கு ஆகாது. 1998-ல் ஃபியர்ஹைலிக் என்பவரும் கூட்டாளிகளும் அதற்கு ஒரு மாற்று சொன்னார்கள். கடையில் விற்கிற ஃபவுண்டன் பேனா மை. சமையலறை வினிகர். அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சட்டைப் பையை நாசம் பண்ணிய அதே ரக மை, வேருக்குள் இருக்கும் பூஞ்சையை அழகாக எடுத்துக் காட்டியது. பணமில்லாத ஆய்வகங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். இந்த மைக்கு இன்னொரு உபயோகம் பின்னால் வரப்போகிறது.

அடுத்து, எண்ணும் முறை. ஒரு செடியின் வேரை எல்லாம் சேர்த்தால் பல மீட்டர் வரும். இதில் எத்தனை சதவிகித நீளத்தில் பூஞ்சை? ஸ்கேல் வைத்தா அளக்க முடியும்? இங்கே கைகொடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதம். கோடு போட்ட தரையில் ஊசியைப் போட்டால் அது கோட்டை வெட்டும் வாய்ப்பு எவ்வளவு என்று பிரெஞ்சுக்காரர் புஃபோன் ஒரு கணக்குப் போட்டிருந்தார். பை என்கிற எண் அதில் எங்கிருந்தோ வந்து நிற்கும். அதே யோசனையை 1966-ல் நியூமன் வேருக்குத் திருப்பினார். கோடுகள் போட்ட பரப்பில் வேரைப் பரப்பு. வேர் எத்தனை இடத்தில் கோட்டை வெட்டுகிறது என்று மட்டும் எண்ணு. அதிலிருந்து மொத்த நீளம் வந்துவிடும். ஊசிக்குப் பதில் வேர், தரைக்குப் பதில் தட்டு.

1980-ல் மனுவேலா ஜொவன்னெட்டியும், முன்னே சொன்ன அதே பார்பரா மோஸும் இதையே பூஞ்சைக்கு வைத்தார்கள். சதுரக் கட்டம் போட்ட பெட்ரி தட்டில் சாயம் ஏற்றிய வேரைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் ஒரே கேள்வி: இங்கே நீலம் இருக்கிறதா, இல்லையா? நூறு வெட்டில் நாற்பது 'இருக்கிறது' என்றால் நாற்பது சதவிகிதம். எண்ணிக்கை கூடக் கூடப் பிழை எப்படிக் குறைகிறது என்பதையும் அதே கட்டுரையில் கணக்கிட்டார்கள். புள்ளியியல் வகுப்பில் சாம்பிள் சைஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1986-ல் பிரான்சின் திஜோனில் இன்னொரு கோஷ்டி வேறு வழி போனது. வேர்த்துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க் போடு என்றார்கள். ஒரு சதவிகிதத்துக்குக் கீழே என்றால் ஒன்று, தொண்ணூறுக்கு மேலே என்றால் ஐந்து என்ற மாதிரி. வேகமான முறைதான். ஆனால் மார்க் போடுவது ஒரு மனிதர். காலையில் போடுகிற மார்க்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிற மார்க்கும் ஒன்றாக இருக்குமா என்பது பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. 1990-ல் மெக்கோனிகலும் சகாக்களும் மைக்ராஸ்கோப்பை 200 மடங்குக்குக் கூட்டி, கண்வில்லையில் இருக்கும் கோடு எதை வெட்டுகிறது, வெறும் இழையையா, ஆர்பஸ்க்யூலையா, வெசிக்கிளையா என்று தனித்தனியாக எண்ணச் சொன்னார்கள். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே இது 'சார்பற்ற' அளவீடு என்று போட்டுக்கொண்டார்கள். அதுவரை இருந்தவை எல்லாம் சார்புள்ளவை என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

உண்மையில் எல்லா முறைகளிலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை இருந்தது. கட்டம் சரி, சூத்திரம் சரி. நீலமாகத் தெரிவது பூஞ்சைதானா என்று தீர்ப்புச் சொல்வது ஒரு ஜோடிக் கண். வேரின் நடுத்தண்டும் கொஞ்சம் மையைப் பிடிக்கும். பழுப்படைந்த தோலும் கருப்பாகத்தான் இருக்கும். வேறு ஜாதிப் பூஞ்சைகளும் வேருக்குள் இருக்கும். பாதி கலைந்த ஆர்பஸ்க்யூலை ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஒரு ஆய்வகத்தின் ஐம்பது சதவிகிதமும் இன்னொரு ஆய்வகத்தின் ஐம்பது சதவிகிதமும் ஒன்றுதானா? பொதுவாக இந்த வேலை போய்ச் சேரும் இடம் ஆய்வக வரிசையின் கடைசியில் இருக்கும் மாணவர். ஒரு சோதனைக்கு நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள், நாள் முழுக்கக் குனிந்த கழுத்து. எண்ணியவரைத் தணிக்கை செய்ய வேண்டுமென்றால் இன்னொருவர் அதையே முதலிலிருந்து எண்ண வேண்டும். யார் எண்ணுவார்கள்?

இதைக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடலாம் என்ற யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஸ்மித், டிக்சன் இருவரும் 1991-லேயே பட அலசல் மூலம் பூஞ்சையை அளப்பது பற்றி எழுதினார்கள். ஆனால் அந்தக் காலப் பட அலசலுக்குத் தெரிந்தது நிறமும் அடர்த்தியும்தான். இவ்வளவு நீலத்துக்கு மேல் இருந்தால் எண்ணு, இல்லாவிட்டால் விடு என்று விதி எழுதலாம். குட்டி மரத்தின் உருவத்தை விதியாக எழுத முடியுமா? ஒரு மாணவருக்கு நாலு உதாரணம் காட்டினால் புரிந்துகொள்வதை, நானூறு வரி நிரலில் எழுதினாலும் இயந்திரத்துக்குப் புரியவைக்க முடியவில்லை.

விதி எழுதாமல் உதாரணம் காட்டிக் கற்றுக்கொடுக்கும் வழி இன்னொரு பக்கம் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. 1980-ல் ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதையைப் பார்த்து அடுக்கடுக்கான ஒரு வலையமைப்பை வடிவமைத்தார். முதல் அடுக்கு கோடுகளைக் கவனிக்கும், அடுத்தது கோடுகள் சேர்ந்த மூலைகளை, அதற்கடுத்தது இன்னும் பெரிய உருவத்தை. 1989-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் லெகுன் அதே மாதிரியான வலையமைப்புக்குக் கையெழுத்து அஞ்சல் எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். சில வருடங்களில் இது வங்கிகளுக்குப் போய்க் காசோலையில் எழுதிய தொகையைப் படித்தது. (காமர்ஸ் படிப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இந்த வகை இயந்திரக் கண்ணின் முதல் பெரிய வேலைகளில் ஒன்று செக் கிளியரிங்.)

பிறகு நீண்ட தூக்கம். எழுப்பியது 2012. இமேஜ்நெட் என்ற பிரமாண்டப் படத்தொகுப்பை வைத்து நடந்த போட்டியில், டொரன்டோ பல்கலைக்கழகக் குழுவின் வலையமைப்பு மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டது. அந்தத் தொகுப்பின் லட்சக்கணக்கான படங்களுக்கு 'இது நாய், இது நாற்காலி' என்று சீட்டு ஒட்டியவர்கள், இணையத்தில் காசுக்கு வேலை செய்த பல்லாயிரம் பேர். இயந்திரம் பார்க்கக் கற்றது மனிதக் கண்களிடம்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பூஞ்சைக் கதையிலும் இது திரும்ப வரும்.

அந்த அலை வேருக்கு வந்து சேர ஒன்பது வருடம் ஆயிற்று. 2021-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ஸ்பரி ஆய்வகத்திலிருந்து எத்வார் எவாஞ்செலிஸ்தி, செபாஸ்டியன் ஷோர்னாக் முதலானோர் ஏ.எம்.ஃபைண்டர் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. வேலை செய்யும் விதம் இதுதான். வேரை வேகவைத்து, அதே பேனா மை முறையில் நிறமேற்றி, அலுவலகத்தில் ஆவணம் ஸ்கேன் பண்ணுகிற மாதிரியான தட்டை ஸ்கேனரில் வைத்துப் படமெடுக்கலாம். மைக்ராஸ்கோப் படம் என்றாலும் சரி. மென்பொருள் அந்தப் படத்தைச் சின்னச் சின்னச் சதுர ஓடுகளாக வெட்டிக்கொள்ளும். முதல் வலையமைப்பு ஒவ்வொரு ஓட்டையும் பார்த்து மூன்றில் ஒரு பெட்டியில் போடும்: பூஞ்சை உள்ள வேர், பூஞ்சை இல்லாத வேர், வேரே இல்லை. பூஞ்சை உள்ள ஓடுகளை இரண்டாவது வலையமைப்பு வாங்கி, உள்ளே ஆர்பஸ்க்யூலா, வெசிக்கிளா, வெறும் இழையா, வேருக்குள் நுழைவதற்காகத் தோலில் ஒட்டிய பாதமா என்று பிரிக்கும்.

சற்று நிதானித்துப் பார்த்தால் இது 1980-ன் கட்டம் போட்ட தட்டேதான். அங்கே கோடு வெட்டும் இடத்தில் மட்டும் கேட்ட கேள்வியை, இங்கே ஒவ்வொரு சதுரத்திலும் கேட்கிறார்கள். சாம்பிள் எடுப்பதற்குப் பதில் முழுக் கணக்கெடுப்பு.

புகையிலையின் உறவுச்செடியான நிக்கோடியானா பெந்தாமியானா, மெடிக்காகோ என்ற தீவனப் பயறு, லோட்டஸ் ஜப்பானிக்கஸ், நெல் என்று நாலு செடிகளின் வேர்களில் சோதித்தார்கள். (பெயரில் லோட்டஸ் இருந்தாலும் தாமரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதுவும் பயறு குடும்பம்தான்.) பூஞ்சையிலும் நாலு பேரினங்கள். அவற்றில் ஒன்று, மோஸின் பெயர் தாங்கிய பூஞ்சை இருக்கும் அதே பேரினம். மரபணுவில் கோளாறு இருப்பதால் பூஞ்சைக் குடியேற்றம் மாறிப்போன செடிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வித்தியாசத்தையும் மென்பொருள் பிடித்தது.

இதில் பாராட்ட வேண்டியது வேகம் மட்டுமில்லை. ஒவ்வொரு ஓட்டுக்கும் இயந்திரம் கொடுத்த தீர்ப்பு, எவ்வளவு நிச்சயம் என்ற எண்ணோடு திரையில் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து, 'இந்தச் சதுரத்தில் நீ சொன்னது தப்பு' என்று காட்டலாம், திருத்தலாம், திருத்தியதை வைத்து மறுபடியும் பயிற்சி கொடுக்கலாம். மனிதர் எண்ணியபோது மிஞ்சியது நோட்டில் எழுதிய ஒரே ஒரு சதவிகிதம். எந்தப் புள்ளியை 'ஆம்' என்றார், எதை 'இல்லை' என்றார் என்பதற்கு ரசீதே கிடையாது. இப்போது ரசீது இருக்கிறது. தணிக்கை என்ற வார்த்தைக்கு இந்தத் துறையில் முதன்முதலாக அர்த்தம் வந்திருக்கிறது.

அதற்காக ஆளில்லாமல் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். பயிற்சிக்கான முதல் ஓடுகளுக்குச் சீட்டு ஒட்டியவர்கள் மனிதர்கள்தான். பாதி கலைந்த ஆர்பஸ்க்யூலை அவர்கள் எண்ணியிருந்தால் இயந்திரமும் எண்ணும், விட்டிருந்தால் அதுவும் விடும். நல்ல விஷயம், எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி விடும். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராது. கெட்ட விஷயம், தப்பு செய்தாலும் ஒரே மாதிரி, அலுக்காமல் செய்யும். பழக்கமில்லாத செடி வந்தால் மறுபடியும் யாராவது உட்கார்ந்து சீட்டு ஒட்டியாக வேண்டும். இன்னொன்று, மைக்கு உயிருள்ள பூஞ்சையும் செத்த பூஞ்சையும் ஒன்றுதான். கடை திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாத மாதிரி.

இந்த உயிர்ப் பிரச்சினைக்குக் கேம்பிரிட்ஜிலேயே அதே 2021-ல் ஒரு வேடிக்கையான வழி வந்தது. பீட்ரூட்டுக்குச் சிவப்பு தருகிற நிறமியை உண்டாக்கும் மரபணுக்களைச் செடிக்குள் வைத்து, பூஞ்சை குடியேறும்போது மட்டும் அவை விழித்துக்கொள்ளும்படி செய்தார்கள். பூஞ்சை இருக்கும் இடத்தில் வேர் தானாகவே சிவக்கும். வேகவைக்க வேண்டாம், மையில் ஊறவைக்க வேண்டாம், செடியைக் கொல்லவும் வேண்டாம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வேர் வளரவிட்டு, குடியேற்றம் நாளுக்கு நாள் பரவுவதைப் படமெடுக்கலாம். மரபணு மாற்றிய செடியில் மட்டும்தான் முடியும் என்பதால் வயலுக்கு ஆகாது.

வேருக்கு வெளியே மண்ணில் ஓடும் இழைகளை எண்ணுவது இன்னும் பெரிய வேலை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் டோபி கியர்ஸ் என்ற உயிரியலாளர் பல வருடமாக இந்த உறவைச் சந்தை என்றே பேசிவருபவர். அவர் பங்கேற்ற 2011-ம் வருட ஆய்வு ஒன்று, அதிகப் பாஸ்பரஸ் தரும் பூஞ்சைக்குச் செடி அதிகச் சர்க்கரை கொடுக்கிறது, பூஞ்சையும் தாராளமான வேருக்கே அதிகம் கொடுக்கிறது என்று காட்டியது. இரண்டு பக்கமும் வாடிக்கையாளரைப் பார்த்து வியாபாரம்! எல்லாச் செடியிலும் இந்தச் சந்தைக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று சண்டை நடக்கிறது. பொருளாதாரத்தை வேருக்குள் கொண்டுபோய்த் திணிக்கிறார்கள் என்பவர்களின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது.

அந்தச் சண்டையைத் தீர்க்க எண் வேண்டும் என்று கியர்ஸும் இயற்பியலாளர் டாம் ஷிமிசுவும் சேர்ந்து படமெடுக்கும் ரோபோ ஒன்றை வேலைக்கு வைத்தார்கள். பெட்ரி தட்டில் காரட் வேரோடு பூஞ்சையை வளர்த்து, இரவும் பகலும் ரோபோ படமெடுக்க, கம்ப்யூட்டர் அந்தப் படங்களில் இழை பிரியும் ஒவ்வொரு சந்தியையும் தொடர்ந்தது. 2025-ல் நேச்சர் இதழில் முடிவு வந்தபோது தொடரப்பட்ட சந்திகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் மேல். பூஞ்சை கண்டபடி பரவவில்லை. முன்னால் ஒரு அலை மாதிரி புதிய இடத்தைத் தேடிப் போகிறது, பின்னால் இழைகளின் அடர்த்தியை ஒரு அளவுக்கு மேல் கூடவிடுவதில்லை. ஒரே இழைக்குள் இரண்டு திசையிலும் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. கல்லோவின் கைப்படங்களுக்குப் பிறகு 120 வருடம்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள். வெளியே கடைத்தெருவில் இந்தப் பூஞ்சை பாக்கெட்டில் விற்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு 'வேம்' என்று சொன்னால் தெரியும். வேர் உட்பூசணம் என்று பையில் அச்சடித்திருக்கும். நாற்றங்காலில் தூவச் சொல்வார்கள். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இதற்குத் தர வரையறையும் உண்டு. உயிருள்ள பூஞ்சை இவ்வளவு இருக்க வேண்டும், சோதனைச் செடியின் வேரில் இவ்வளவு இடத்தில் நுழைந்து காட்ட வேண்டும் என்கிறது. ஆக, காசு கொடுத்து வாங்கும் விவசாயிக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்பது யாரோ ஒருவர் வேரில் எண்ணிய எண்தான்.

அந்த எண் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு 2022-ல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. கடையில் கிடைக்கும் வேர்ப்பூஞ்சைச் சரக்குகளை வாங்கி, கிருமி நீக்கிய மண்ணில் போட்டுச் செடி வளர்த்து, வேரை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வேரில் குடியேறவே இல்லை. பாக்கெட்டைத் திறந்து பொடியைப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேரில் ஏறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு இன்றைக்கும் விதை போட்டு, சில வாரம் தண்ணீர் ஊற்றி, பிடுங்கி, வேகவைத்து, மையில் ஊறவைத்தாக வேண்டும். ஸ்கேனர் குறைத்துக் கொடுத்திருப்பது அதற்கப்புறம் வரும் கடைசிக் கட்டத்தை, அந்தக் குனிந்த கழுத்தை.